யூபிலியும் திரும்பி வந்த நிலமும்
பர்தோலி தரும் பாடம்

நமது பங்கின் பொன்விழா ஆண்டில் வெளிவரும் இம்மலரில் ஆலயம் எழுந்த வரலாறு, பங்குத் தந்தையரின் வரிசை, அன்பியங்களின் வளர்ச்சி ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். நாம் எழுத எடுத்துக்கொண்டதோ சற்று வேறான பொருள். இதற்கும் விழாவுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக் கூடும். தொடர்பு 'யூபிலி' என்னும் அச்சொல்லிலேயே இருக்கிறது.

யூபிலி என்றவுடன் கொடியேற்றம், கூட்டுத் திருப்பலி, தேர்ப்பவனி, அசன விருந்து என்றே நம் நினைவு ஓடுகிறது. ஆனால் திருமறையில் இச்சொல் முதன்முதல் எதற்காக வந்தது? லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். ஏழு ஏழு ஆண்டுகளாக நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தபின், ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊத வேண்டும்; அவ்வாண்டில் தன் காணியை இழந்தவன் தன் காணிக்கே திரும்ப வேண்டும்; நிலம் என்றென்றைக்குமாக விற்கப்படலாகாது, ஏனெனில் அது ஆண்டவருடையது என்று அங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. ஆக, முதல் யூபிலி நிலத்தைத் திருப்பித் தரும் விழாவாகவே ஏற்பட்டது. ஆட்டுக்கடாவின் கொம்பு எழுப்பிய ஓசையிலிருந்துதான் அதற்குப் பெயரே வந்தது என்பர்.

இதைப் பொன்விழா ஆண்டில் நினைவூட்டுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் பங்கில் சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழுத புன்செய், ஒரு காலத்தில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டபோது 'அரசு புறம்போக்கு' என்று பதிவாகிவிட்டது. யாரும் வந்து அவர்களை வெளியேற்றவில்லை. ஏர் ஓடிற்று, விளைச்சலும் வந்தது. மகளுக்குச் சீதனமாக எழுதித் தரப் போனபோதுதான், தாளில் அந்த நிலம் தங்களுடையதன்று என்பது தெரியவந்தது. அவர்களுள் ஒரு மூதாட்டியார், மாமனார் காலத்துத் தீர்வை ரசீதுகளைத் தகரப் பெட்டியில் பத்திரமாய் வைத்திருந்தபடியால், பல ஆண்டு அலைச்சலுக்குப் பின் பட்டாவைத் திரும்பப் பெற்றார். ரசீது இல்லாத இன்னொரு குடும்பமோ இன்றும் மனு எழுதிக்கொண்டிருக்கிறது.

தவறான கணக்கின் பேரில் அரசின் கைக்குப் போன நிலம் உடையவனிடம் திரும்பிய வரலாறு நம் நாட்டில் உண்டா? உண்டு. குஜராத்திலுள்ள பர்தோலியின் வரலாறு அது. பர்தோலி என்றவுடன் வரிகொடா இயக்கம் என்றும், வல்லபாய் பட்டேல் 'சர்தார்' ஆன இடம் என்றும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அங்கே நிலம் எவ்வாறு பறிபோயிற்று, எந்தத் தவறினால் போயிற்று, எவ்வாறு திரும்பிற்று என்பதை விரிவாக அறிந்தவர் சிலரே. அதையே இங்கு கூற விழைகிறோம்.

தீர்வை கூடிய விதம்

பர்தோலி, சூரத் மாவட்டத்தில் ஒரு தாலுகா. அந்நாளில் அது பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 137 கிராமங்கள், ஏறத்தாழ 87 ஆயிரம் மக்கள், கரிசல் மண், பருத்தியும் சோளமும் முதன்மைப் பயிர்கள். நம் சென்னை மாகாணத்தைப் போலவே அங்கும் ரயத்துவாரி முறை இருந்தது. அதாவது, இடையில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவன் நேரே சர்க்காருக்குத் தீர்வை கட்டுவான். முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கார் தீர்வையைத் திருத்தியமைக்கும்.

அவ்வாறு திருத்தும் காலம் பர்தோலிக்கு 1920-களின் நடுவில் வந்தது. பணியை ஏற்ற அதிகாரி, தீர்வையை நூற்றுக்கு முப்பது வீதம் உயர்த்தலாம் என்று எழுதினார். அவர் கூறிய காரணங்கள் பல: தபதிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை வந்துவிட்டது, நிலத்தின் விலை ஏறிவிட்டது, விளைபொருள் விலை ஏறிவிட்டது, ஊரெங்கும் புது வீடுகள் தென்படுகின்றன, எருமை மாடுகள் பெருகியிருக்கின்றன, ஆகவே மக்கள் செழிப்பாயிருக்கின்றனர் என்பது அவர் முடிவு.

அவருக்கு மேலிருந்த செட்டில்மெண்டு ஆணையாளர் ஆண்டர்சன் அவர்களுக்கு இக்காரணங்கள் பிடிக்கவில்லை. விளைபொருள் விலையை வைத்துத் தீர்வை போடலாகாது, நிலம் என்ன குத்தகைக்குப் போகிறது என்பதே சரியான அளவுகோல் என்றார் அவர். எனவே அறிக்கையின் பின்னிணைப்பில் கிடந்த குத்தகைக் கணக்கை எடுத்துக்கொண்டு, அதன் மீதே தம் முடிவை நிறுத்தினார். முடிவாகச் சர்க்கார் 1927-ஆம் ஆண்டு ஏறத்தாழ 22 விழுக்காடு உயர்வை அறிவித்தது. கீழ் அதிகாரி சொன்ன காரணத்தை மேல் அதிகாரி தள்ளிவிட்டார். ஆயினும் உயர்வு மட்டும் நிலைத்தது. காரணம் மாறினாலும் சுமை மாறவில்லை.

இங்கேதான் பிழை புகுந்தது. குத்தகைக் கணக்கை எடுத்துக்கொள்வது தவறன்று. அந்தக் கணக்கு ஊருக்கு ஊர், வயலுக்கு வயல் விசாரித்து எடுக்கப்பட்டதா என்பதே கேள்வி. பர்தோலியில் பெரும்பாலான நிலத்தை உடையவரே உழுதனர். குத்தகைக்கு விடப்பட்டது சிறு பகுதியே. அச்சிறு பகுதியை வைத்து முழுத் தாலுகாவுக்கும் தீர்ப்பு எழுதப்பட்டது.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இருந்தது. நம் ஊர் வழக்கத்தை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். ஒருவர் கடன் வாங்கித் தம் வயலை ஒத்திக்கு எழுதிவைக்கிறார். வயலைக் கடன் கொடுத்தவர் உழுவதில்லை. எழுதிக்கொடுத்தவரே உழுது, ஆண்டுதோறும் ஒரு தொகையைக் கொடுத்துவருகிறார். பத்திரத்தில் அது 'குத்தகை' என்று எழுதப்படும். உண்மையில் அது வட்டி. கடன் பளு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அந்தத் தொகையும் கூடும். வட்டியைக் குத்தகை என்று கணக்கில் சேர்த்தால், கடன்பட்டவன் செழிப்பானவனாகத் தோன்றுவான்! பர்தோலியின் குத்தகைக் கணக்கில் இப்படிப்பட்டவையும் கலந்திருந்தன. புது வீடுகளின் கதையும் அதுவே. பல குடும்பங்களில் பிள்ளைகள் தென் ஆப்பிரிக்கா சென்று பொருளீட்டி அனுப்பியிருந்தனர். அப்பணத்தில் எழுந்த சுவரைப் பார்த்து, வயலில் விளைந்த செல்வம் என்று எண்ணிவிட்டனர்.

உறுதிமொழியும் பறிமுதலும்

விவசாயிகள் மனுச் செய்தனர், சட்டசபை உறுப்பினர் மூலம் முறையிட்டனர், பயனில்லை. பின்னர் அகமதாபாத் நகரசபைத் தலைவராயிருந்த வல்லபாய் பட்டேலை அணுகினர். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "நிலம் போகும், மாடு போகும்; தாங்குவீர்களா?" என்னும் பொருளில் திரும்பத் திரும்பக் கேட்டார். பின்னர் கவர்னர் சர் லெஸ்லி வில்சனுக்குக் கடிதம் எழுதி, நடுநிலையான விசாரணை ஒன்றை மட்டும் வேண்டினார். அது கிடைக்காமற் போகவே, 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் பர்தோலியில் கூடிய விவசாயிகள், பழைய தீர்வையை முழுத் தொகையாகச் சர்க்கார் ஏற்றுக்கொள்ளும் வரையில், அன்றேல் நடுநிலை விசாரணை அமைக்கும் வரையில், தீர்வை கட்டுவதில்லை என்று ஆண்டவன் பெயரால் உறுதி பூண்டனர்.

அவர்கள் 'தீர்வையே வேண்டாம்' என்று சொல்லவில்லை. 'கணக்கைச் சரிபார்' என்று மட்டுமே கேட்டனர். இதை நாம் மறக்கலாகாது.

இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் ஆகிய மூவகையினரும் இதில் ஒன்றுபட்டு நின்றனர். முதியவரான அப்பாஸ் தயாப்ஜி, பார்சி குலத்து மித்துபென் பெத்தித், ரவிசங்கர் வியாஸ், ஜுகத்ராம் தவே ஆகியோர் ஊர் ஊராய்ப் பணிபுரிந்தனர். நாள்தோறும் அச்சிட்ட செய்தித்தாள் ஒவ்வொரு கிராமத்துக்கும் சென்றது. பெண்கள் கூட்டங்கூட்டமாய் வந்து அமர்ந்தனர். பட்டேலுக்குச் 'சர்தார்' என்னும் பெயர் நிலைத்ததும் இங்கேதான்.

சர்க்கார் முதலில் ஜப்தியில் இறங்கிற்று. பாத்திரம், வண்டி, எருமை எதுவானாலும் பிடித்து ஏலம் போடலாயினர். அதற்கென்று வெளியூர்ப் பட்டாணியர்களும் அமர்த்தப்பட்டனர். விவசாயிகள் செய்தது என்ன? எருமைகளை வீட்டுக்குள் கட்டிவைத்துத் தாங்களும் கதவைச் சாத்திக்கொண்டனர். ஜப்திக்காரர் வருவதை அறிவிக்கப் பறையும் சங்கும் முழங்கின. வாரக்கணக்காய் வெயிலே படாமல் கிடந்த எருமைகளின் தோல் வெளுத்துப் போயிற்று. "உங்கள் எருமைகளும் வெள்ளைக்கார மேம்சாகிபுகள் ஆகிவிட்டன!" என்று பட்டேல் வேடிக்கையாய்ச் சொல்ல, துன்பத்தின் நடுவிலும் கூட்டம் சிரித்ததாம்.

ஜப்தி பலிக்காதபோது நிலப் பறிமுதல் தொடங்கியது. 1879-ஆம் ஆண்டின் பம்பாய் நிலவருவாய்ச் சட்டப்படி, தீர்வைப் பாக்கிக்காக ஒருவனுடைய நில உரிமையையே சர்க்கார் பறித்துக்கொள்ளலாம். பின் அதை யாருக்கேனும் விற்கவும் செய்யலாம். ஆயிரக்கணக்கான அறிவிப்புகள் வீட்டுக் கதவுகளில் ஒட்டப்பட்டன. சிறு தொகைப் பாக்கிக்காகப் பெருமதிப்புள்ள வயல்கள் போயின. உள்ளூரில் வாங்க ஆளில்லாததால் வெளியூர்க்காரர் சிலருக்கு அவை மிக மலிவாய் விற்கப்பட்டன. விற்ற நிலம் ஒருநாளும் திரும்பாது என்று அதிகாரிகள் கூறினர். நிலம் உங்கள் வாசலைத் தட்டிக்கொண்டு திரும்பி வரும் என்று பட்டேல் மக்களைத் தேற்றினார்.

கிராமத்துப் பட்டேல்கள் பலரும், தலாத்திகள் சிலரும் வேலையை விட்டு விலகினர். பட்டேல் என்பவர் நம் பழைய மணியக்காரரைப் போன்றவர், தலாத்தி, கணக்குப்பிள்ளை. ஊர்க் கணக்கை எழுதிய கைகளே பேனாவைக் கீழே வைத்தன என்பது சாதாரணச் செய்தியன்று. சட்டசபை உறுப்பினர்கள் பலர் பதவி துறந்தனர். கே. எம். முன்ஷி கவர்னருக்கு எழுதி, நிலைமையை நேரில் ஆராய்ந்து, தாமும் விலகினார். ஜூன் 12-ஆம் நாள் நாடெங்கும் பர்தோலி நாளாகக் கொண்டாடப்பட்டது.

விசாரணையில் வெளிவந்த உண்மை

இறுதியில் 1928 ஆகஸ்டு 6-ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. விசாரணை நடைபெறும், கைதிகள் விடுதலையாவர், வேலையை விட்டவர்கள் மீண்டும் சேர்க்கப்படுவர், பறிக்கப்பட்ட நிலங்கள் யாவும் திருப்பித் தரப்படும். மக்கள் பழைய விகிதப்படி தீர்வையைக் கட்டினர். விற்கப்பட்டுப்போன நிலங்களும் வாங்கியவர்களிடமிருந்து மீட்கப்பட்டுப் பழைய உடைமையாளர் பெயருக்கே வந்தன. 'ஒருநாளும் திரும்பாது' என்ற சொல் ஆறு மாதங்கூட நிற்கவில்லை.

விசாரணைக்கு இரு ஆங்கில அதிகாரிகள் அமர்த்தப்பட்டனர். நீதித்துறையிலிருந்து புரூம்ஃபீல்டு, வருவாய்த்துறையிலிருந்து மாக்ஸ்வெல். இந்தப் புரூம்ஃபீல்டு யாரென்றால், 1922-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் அகமதாபாத்தில் காந்தியடிகளுக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதித்த அதே நீதிபதி! இவரிடமிருந்து குடியானவனுக்கு நியாயம் கிடைக்குமா என்று ஐயுற்றவர் இருந்திருப்பர்.

அவ்விருவரும் கிராமங்களுக்கே சென்றனர். குத்தகைப் பத்திரங்களை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொன்றையும் எழுதியவரிடமே கேட்டனர். மகாதேவ தேசாய், நரஹரி பரிக் ஆகியோர் விவசாயிகளின் சார்பில் கணக்குகளை முன்வைத்தனர். உண்மை வெளிவந்தது. முன்பு எடுத்த குத்தகைக் கணக்கு, ஊரில் முறைப்படி விசாரித்துச் சரிபார்க்கப்பட்டதன்று என்பது தெளிவாயிற்று. அதன்மேல் கட்டிய தீர்வை உயர்வு தானே சரிந்தது. 1929-இல் அவர்கள் தந்த அறிக்கைப்படி, பர்தோலியும் அண்டைத் தாலுகாவான சோராசியும் சேர்ந்து கட்ட வேண்டியிருந்த 1,87,492 ரூபாய் உயர்வு 48,648 ரூபாயாகக் குறைந்தது. நூற்றுக்கு 22 என்பது ஏறத்தாழ ஆறாகிவிட்டது.

எந்தத் தொகைக்காக மக்களின் நிலம் பறிக்கப்பட்டதோ, அந்தத் தொகையின் ஏறத்தாழ முக்காற் பங்கு தவறு என்று அரசின் சொந்த அதிகாரிகளே எழுதினர். தண்டித்த கையே திருத்தி எழுதிற்று. புரூம்ஃபீல்டு, மாக்ஸ்வெல் இருவரும் நம் மதிப்புக்குரியவர்கள். தம் துறையின் பிழையைத் தாமே எடுத்துரைப்பது எளிதன்று.

இரண்டாம் பறிமுதல்

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாமும் மகிழ்ந்து நிறுத்தியிருப்போம். ஆனால் இரண்டே ஆண்டில் நிலம் மறுபடி பறிபோயிற்று. இம்முறை திரும்புவதற்கு எட்டாண்டு பிடித்தது.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் நாடெங்கும் எழுந்தபோது, பர்தோலி மக்களும் கேடா மாவட்டத்து மக்களும் தீர்வை கட்ட மறுத்தனர். அடக்குமுறை முன்னிலும் கடுமையாயிற்று. அதைத் தாங்கமாட்டாமல் ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடும் கன்றுகாலிகளோடும் எல்லையைத் தாண்டி, அண்டையிலிருந்த பரோடா சமஸ்தானத்துக் கிராமங்களுக்குச் சென்று கூரைக் குடிசைகளில் தங்கினர். பூட்டிய வீடுகளும் அறுப்பாரற்ற வயல்களும் பின்னால் கிடந்தன. இங்கிலாந்துப் பத்திரிகையாளர் பிரெய்ல்ஸ்ஃபோர்டு அப்பகுதிக்குச் சென்று கண்டவற்றை எழுதி உலகறியச் செய்தார்.

1931 மார்ச்சு 5-ஆம் நாள் காந்தி - இர்வின் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சர்க்கார் கைவசமிருந்த பறிமுதல் நிலங்களைத் திருப்பித் தர அதில் வழி செய்யப்பட்டது. ஆனால் மூன்றாம் நபருக்கு விற்கப்பட்ட நிலத்தைப் பொறுத்தவரையில், அந்த விற்பனை முடிந்துபோன காரியம் என்று சர்க்கார் எழுதிக்கொண்டது. 1928-இல் விற்ற நிலமும் திரும்பிற்று. 1931-இல் விற்ற நிலம் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு போராட்டம் மீண்டும் மூண்டது, பறிமுதலும் தொடர்ந்தது.

இந்த இரண்டாம் பறிமுதலைக் கணக்குப் பிழை என்று சொல்ல முடியாது. மக்கள் தெரிந்தே தீர்வை மறுத்தனர். சர்க்கார் தெரிந்தே தண்டித்தது. ஆயினும் சில ரூபாய்ப் பாக்கிக்கு ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரத்தையே என்றென்றைக்குமாகப் பறிப்பது நியாயமாகுமா? பிழை கணக்கில் இல்லையெனினும் தண்டனையின் அளவில் இருந்தது.

இந்த இடத்தில் திருமறையின் சிறு நிகழ்ச்சி ஒன்று நம் நினைவுக்கு வருகிறது. அரசர் இரண்டாம் நூலின் எட்டாம் அதிகாரத்தில் சூனேம் ஊர்ப் பெண் ஒருத்தி வருகிறாள். எலிசேயுவின் சொற்கேட்டு, பஞ்சத்துக்குத் தப்ப ஏழாண்டு அயல்நாட்டில் தங்கித் திரும்புகிறாள். வந்து பார்த்தால் வீடும் வயலும் அவள் கையில் இல்லை. அரசனிடம் சென்று முறையிடுகிறாள். அரசன் அவளை விசாரித்து, ஓர் அதிகாரியை அழைத்து, அவளுடையவற்றை எல்லாம் கொடுப்பதோடு, அவள் ஊரை விட்டுப் போன நாள் முதல் அன்றுவரை அவ்வயலில் விளைந்த பலனையும் கொடுக்கும்படி கட்டளையிடுகிறான். நிலத்தைத் திருப்பித் தருவது நீதியின் பாதி. இடைப்பட்ட ஆண்டுகளின் இழப்பை ஈடுசெய்வது மறுபாதி. அந்த மறுபாதியை இன்றும் அரசுகள் எளிதில் நினைப்பதில்லை.

பர்தோலியின் சூனேம் பெண்களுக்கு நல்ல காலம் 1937-இல் பிறந்தது. அவ்வாண்டு ஜூலையில் பி. ஜி. கேர் தலைமையில் பம்பாயில் காங்கிரசு அமைச்சரவை ஏற்பட்டது. வருவாய் அமைச்சராய் வந்தவர் மொரார்ஜி தேசாய். அவரே ஒரு காலத்தில் டெபுடி கலெக்டராய் இருந்து, 1930-இல் வேலையைத் துறந்தவர். ஆனால் அமைச்சரானவுடன் நிலத்தை எடுத்துக் கொடுத்துவிட முடியவில்லை. வாங்கியவர்களிடம் முறையான பத்திரம் இருந்தது. சட்டப்படி அவர்களே உடையவர்கள். ஒருவனிடம் பறித்ததை இன்னொருவனிடமிருந்து பறித்துத் தருவது நீதியாகாது. ஆகவே சட்டம் இயற்றியே வழி காண வேண்டியிருந்தது. வாங்கியவருக்குரிய தொகையைத் தந்து, நிலத்தை மீட்டு, முன்னாளைய உடைமையாளரிடம் அமைச்சரவை ஒப்படைத்தது. பர்தோலியிலும் கேடாவிலும் குடியானவர்கள் தம் வயலில் மீண்டும் ஏர் பூட்டினர். 'முடிந்துபோன காரியம்' என்று எழுதப்பட்டதும் முடிவாகவில்லை.

திரும்பாதவர்கள்

இவ்வரலாற்றைப் புகழ்ந்து கூறும்போது ஒரு குறையையும் மறைக்காமல் கூற வேண்டும். பர்தோலியின் வயல்களில் வேர்வை சிந்தியவர்களுள் பெரும்பகுதியினர் துப்ளா என்று அழைக்கப்பட்ட பழங்குடி மக்கள். திருமணச் செலவுக்கென்று பண்ணையாரிடம் சிறு கடன் வாங்கி, அதற்கீடாக வாழ்நாள் முழுதும் உழைத்தவர்கள். 'ஹாலி' என்பது அம்முறையின் பெயர். நம் தஞ்சைப் பகுதியின் பண்ணையாள் முறையை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

நிலம் உடையவனிடம் திரும்பியது. ஆனால் பறிகொடுக்கவும் நிலமில்லாதவனுக்கு எது திரும்பும்? காந்தியடிகளின் தொண்டர்கள், குறிப்பாக வேட்சியில் பணிபுரிந்த ஜுகத்ராம் தவே, அம்மக்களிடையே கல்வியும் கைத்தொழிலும் பரப்பினர். ஆயினும் 1928-இன் வெற்றியில் அவர்களுக்கு ஒரு காணியும் கிடைக்கவில்லை. லேவியர் நூலின் யூபிலிச் சட்டமோ இரண்டையும் சேர்த்தே பேசுகிறது: காணியை இழந்தவன் காணிக்குத் திரும்பட்டும், அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்பட்டும் என்கிறது. நமது பங்கிலும் காணி உள்ளோரும் உண்டு, கூலி வேலை செய்வோரும் உண்டு. யூபிலி இருவருக்கும் உரியது.

நமக்கு உரிய பாடம்

பர்தோலிக்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு? அங்கே ஒரு கணக்கு, வயலுக்கு வராமல் மேசையிலேயே எழுதப்பட்டது. நம் தமிழ்நாட்டிலும் 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடைபெற்றது. யு.டி.ஆர். என்று மக்கள் வழக்கில் சொல்லப்படுவது அதுவே. இலட்சக்கணக்கான பட்டாக்களை ஒழுங்குபடுத்திய பெரும்பணி அது. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய பணியில் பெயர் மாறியும், உட்பிரிவு மாறியும், பட்டா நிலம் புறம்போக்கு என்றும் பதிவான இடங்கள் உண்டு. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததன்று. ஆனாலும் பிழையின் பாரம் எழுதியவர்மேல் விழுவதில்லை; எழுதப்பட்டவர்மேலேயே விழுகிறது.

ஆகவே பொன்விழா ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு காரியம் செய்யும்படி வேண்டுகிறோம். வீட்டிலுள்ள பழைய பத்திரம், பட்டா, தீர்வை ரசீது ஆகியவற்றை எடுத்து ஒழுங்காய் அடுக்கி வையுங்கள். உங்கள் புல எண்ணுக்குரிய சிட்டாவையும், 'அ' பதிவேட்டின் பகுதியையும் பெற்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருப்பின் காலந்தாழ்த்தாமல் உரிய வருவாய் அதிகாரியிடம் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, மனு பெற்றதற்கான சான்றை வாங்கி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கு, அவர் எந்த மதத்தினராயினும், நம் பங்கின் படித்த இளைஞர்கள் துணை நிற்கட்டும். வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசியும் மருந்தும் கொடுத்து உதவுவதைப் போல, ஒரு மனு எழுதித் தருவதும் இரக்கச் செயலே.

பர்தோலியில் நிலம் திரும்பியதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். மக்கள் ஒருவரையொருவர் கைவிடவில்லை. அவர்கள் கேட்டது 'விசாரித்துப் பார்' என்ற நியாயமான ஒன்றே. விசாரிக்க வந்தவர்கள் மேசையை விட்டு எழுந்து வயலுக்குச் சென்றனர். இம்மூன்றும் இன்றும் எந்த ஊருக்கும் பொருந்தும். முதல் இரண்டும் நம் கையில் உள்ளவை. மூன்றாவது, நம் பிள்ளைகளுள் பலர் இன்று அரசுப் பணியில் இருக்கின்றனரே, அவர்கள் கையில் உள்ளது. வருவாய்த்துறையிலும் நில அளவைத் துறையிலும் பணியாற்றும் நம் பங்கின் மைந்தர்களே, மகளிரே! ஒரு கோடு மாறினால் ஒரு குடும்பத்தின் ஐம்பது ஆண்டு மாறிவிடும் என்பதை மறவாதீர்கள். பிழையென்று தெரிந்தால் புரூம்ஃபீல்டைப் போலத் திருத்தி எழுதத் தயங்காதீர்கள்.

நாம் முதலில் சொன்ன அந்த மூதாட்டியார் இன்று நம்மிடையே இல்லை. பட்டா திரும்பிய ஆண்டில் அந்தப் புன்செய்யில் விளைந்த முதற் கேழ்வரகை ஒரு முறத்தில் கொணர்ந்து பீடத்தின் முன் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் முழந்தாளிட்டிருந்ததைக் கண்டவர்கள் சிலர் இன்றும் இருக்கின்றனர். மனு எழுதிக்கொண்டிருக்கும் அந்த மற்றொரு குடும்பமும் அவ்வாறே ஒருநாள் முறம் ஏந்தி வர வேண்டும். அதற்கு நாம் துணை நிற்போம், அதற்காக மன்றாடுவோம். அன்றுதான் நமது பொன்விழா உண்மையில் யூபிலி ஆகும்.